மாமாவின் ஐம்பத்து நாலு ஜிபி

போன வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என் போனில் மூன்று மிஸ்டு கால். மூன்றும் ஒரே ஆள். என் மாமனார்.

பார்த்தேன். பார்த்துவிட்டு, போனை மறுபடி டிராயருக்குள் வைத்து மூடிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். அதை மட்டும் மறைத்துவிட்டு மற்றதை எழுதினால், இந்த வாரப் பத்தி பொய்யாகிவிடும்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆறரை மணிக்கு லேப் திறப்பதற்கு முன்பே, வெறும் வயிற்றோடு பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். பதினொன்றரை வரை மூச்சு விட நேரம் இருக்காது. சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு... நாள் முழுக்க எண்களோடுதான் குடித்தனம். அதனாலோ என்னவோ, ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் போதும் — ஆளைப் பற்றி எல்லாமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும் எனக்கு.

அந்த நினைப்பில்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கும் நாலு போனையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறோம்? பத்தியில் எழுதலாமே என்றுதான் ஆரம்பித்தது. நீங்களும் ஒருமுறை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரு சண்டை நிச்சயம்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. நான் பத்தொன்பது ஜிபி. கணவர் முப்பத்தொன்று. பிளஸ் டூ படிக்கும் மகள் நாற்பத்திரண்டு — "கிளாஸ் வீடியோம்மா" என்று பார்க்காமலேயே பதில் சொன்னாள். சரி, இவள்தான் முதல் ரேங்க் என்று நினைத்துக்கொண்டே கடைசி போனைத் திறந்தேன்.

ஐம்பத்து நாலு ஜிபி.

மாமாவின் போன்!

ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி பிளான். இருபத்தெட்டு நாளைக்கு மொத்தமே ஐம்பத்தாறுதான். அதாவது மனிதர் சொட்டு விடாமல் காலி செய்திருக்கிறார். எதில் போயிருக்கிறது என்று பார்த்தால், முக்கால்வாசிக்கு மேல் வாட்ஸ்அப்பில். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது — அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஃபார்வர்டு வீடியோ. காலை வணக்கம், மூலிகை வைத்தியம், எங்கோ நடந்த சண்டை. வேறென்ன இருக்கப் போகிறது?

மாமா கோவிந்தசாமிக்கு எழுபத்து மூன்று வயது. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலையில் பாதி ஊருக்குக் கம்பம் நட்டதே நான்தான் என்பார். மாமியார் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். கணவர் சேலத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அவர் அதற்கும் முன்னாலேயே சின்னசேலம் போய் ரயில் பிடிக்க வேண்டும். மகள் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் மதியம் இரண்டு மணி வரை வீட்டில் மாமா மட்டும்தான்.

"இன்னா மாமா இது? கண்ணு ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. நாள் பூரா போனையே பாத்துக்கினு இருந்தா எப்படி?" என்று கேட்டேன்.

அவர் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ரீசார்ஜ் வந்தபோது, அவர் நம்பருக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு ஜிபி பிளானாகக் குறைத்துப் போட்டேன். கஞ்சத்தனம் இல்லை. அக்கறை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து, சமையலறை வாசலில் வந்து நின்றார். "அமுதா, பழையபடியே போட்டுடேம்மா. பத்து மணிக்கெல்லாம் தீந்து பூடுது."

"போதும் மாமா. தீந்ததும் கண்ணை மூடிப் படுங்க. நல்லதுதான்."

திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் இரண்டு தடவை லேபுக்கே போன் பண்ணி, "டேட்டா தீந்துபோச்சும்மா, எதுனா போட முடியுமா" என்று கேட்டார். இரண்டு தடவையும் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்த மூன்று மிஸ்டு காலும் அதற்காகத்தான் என்று நினைத்தேன்.

பதினொன்றேகாலுக்குக் கூட்டம் குறைந்ததும், மனசு கேட்காமல் திருப்பி அடித்தேன். ரிங் போனது. எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார் போல என்று மேப்பைத் திறந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் மார்க்கெட்டில் ஒருமுறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் மகள் அவருடைய லொகேஷனை எங்கள் போனில் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள். நீலப் புள்ளி எங்கள் வீட்டின் மேலேயே நின்றது. அப்பாடா. வீட்டில்தான் இருக்கிறார்.

அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டு மகேஸ்வரியின் போன் வந்தது.

"அக்கா, உங்க மாமாவுக்கு இன்னா ஆச்சு? சாவிய என் கையில திணிச்சிட்டு ஓடுறாரு. இன்னா ஏதுன்னு கேட்டா பதிலே இல்ல. மூஞ்சியே சரியில்லக்கா."

"எப்போ?"

"அது ஆச்சே... முக்கா மணி நேரம் இருக்கும். வந்துருவார்னு பாத்தேன். வரல. அதான்."

மேப்பை மறுபடி பார்த்தேன். புள்ளி வீட்டில்தான் நிற்கிறது. அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை இப்போதுதான் கவனித்தேன் — கடைசியாக அப்டேட் ஆனது பத்து முப்பத்தொன்றுக்கு.

அதாவது அந்தப் புள்ளி பொய். முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய மாமாவைத்தான் அது எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரில் எப்படி வீட்டுக்குப் போனேன் என்று ஞாபகம் இல்லை. கதவைத் திறந்து உள்ளே நின்றபடி அவர் நம்பருக்கு அடித்தேன். என் காதில் ரிங் கேட்கிறது. வீட்டுக்குள் எங்கேயும் கேட்கவில்லை. ஆக, போன் அவரிடம்தான் இருக்கிறது. எடுக்கத்தான் மாட்டேன் என்கிறார். ஏன்? கேட்கவில்லையா, எடுக்க முடியவில்லையா?

மேஜையில் நான் மூடி வைத்துவிட்டுப் போன தோசை அப்படியே இருந்தது. சர்க்கரை மாத்திரை அட்டையில் அன்றைய மாத்திரை மட்டும் இல்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போயிருக்கிறார். லேபில் வேலை பார்ப்பவளுக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் வியர்க்கும். கை நடுங்கும். அப்புறம்...

கணவருக்கு அடித்தேன். மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கடலூர் பஸ், சேலம் பஸ், சங்கராபுரம் பஸ் எல்லாவற்றிலும் ஏறி ஏறி இறங்கினேன். பெஞ்சில் படுத்திருந்த ஒரு பெரியவரின் முகத்துத் துண்டைக்கூட விலக்கிப் பார்த்துவிட்டேன். அவர் திட்டியது நியாயம்தான்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி சாதிக் பாயின் மொபைல் கடை. எங்கள் வீட்டு நாலு சிம்மும் அவரிடம் வாங்கியதுதான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இன்னாங்கம்மா, இப்படி வேர்த்து ஊத்துது? உக்காருங்க மொதல்ல."

உட்காராமலேயே சொன்னேன். புள்ளியைக் காட்டினேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை, புள்ளி நகரவில்லை.

பாய் போனை வாங்கிப் பார்த்தார். "ரிங் போவுதுன்னா டவர் இருக்குது. போனும் ஆன்ல இருக்குது. புள்ளி மட்டும் நவுரலன்னா... ஏம்மா, பெரியவருக்கு இன்னிக்கு டேட்டா தீந்து போயிருக்குமோ?"

"தீந்திருக்கும் பாய். ஒரு ஜிபிதான். நான்தான் கம்மி பண்ணேன்."

"அட, அவ்ளோதானே. டாப்-அப் போட்டா நெட்டு தானா ஓட ஆரம்பிச்சிரும். புள்ளி எங்க இருக்குதுன்னு அதுவே சொல்லும். நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். பாய் தட்டினார். 'ரீசார்ஜ் வெற்றி' என்று திரையில் வந்தது.

புள்ளி நகரவில்லை.

நீங்கள் எப்போதாவது ஒரு நீலப் புள்ளிக்கு முன்னால் பிரார்த்தனை பண்ணியிருக்கிறீர்களா? நான் பண்ணினேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கடைக்கு வந்த ஒரு பெண் டெம்பர் கிளாஸ் கேட்டார். "சித்த இரும்மா" என்று பாய் அவரையும் நிற்க வைத்துவிட்டார். அந்தப் பெண்ணும் என்ன ஏது என்று தெரியாமலேயே எட்டி என் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிஷம்...

புள்ளி குதித்தது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரே தாவு. கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை ஏறும் பாதையில் மூன்றாவதோ நாலாவதோ வளைவில் போய் நின்றது.

"வெள்ளிமலை பஸ்சும்மா!" என்றார் பாய். "மேல போய்க்கினு இருக்காரு."

மலைக்கா? எதற்கு?

கேட்டு வாய் மூடவில்லை. என் வாட்ஸ்அப்பில் டிங் என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று. மாமாவிடமிருந்து இரண்டு வாய்ஸ் மெசேஜ். பத்தரை மணிக்கு மேல் பேசியவை. டேட்டா இல்லாமல் இத்தனை நேரம் அவர் போனுக்குள்ளேயே கிடந்தவை.

முதல் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அமுதா... நாந்தாம்மா. சடையன் கட்டில்லேர்ந்து குப்புற வுழுந்துட்டாம்மா. எங்கண்ணெதிர்ல வுழுந்தான். படம் அப்படியே நின்னு பூட்ச்சி. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. வூட்ல யாரும் இல்ல, அவன் தனியா கெடக்குறான். செல்விக்கு அடிச்சா லைன் போவல. டீக்கடைக்காரன் போன் சுட்சாப்பு. நீயும் எடுக்கல. ஒரே ஒரு தபா டேட்டா போடும்மா, இன்னா ஆச்சுன்னு பாத்துக்கிறேன்..."

இரண்டாவதில் ரோட்டுச் சத்தம். மூச்சு வாங்கினார். "நான் மலைக்கு போறேம்மா. பஸ்சு இருக்குது. கோச்சிக்காத."

அவ்வளவுதான்.



சடையன் யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். மலையாளி என்று சொல்லப்படும் மலைவாழ் சனம். மாமா மலையில் வேலை பார்த்த காலத்தில் கூடவே கம்பம் தூக்கிய மனிதர். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். மாமியார் காரியத்துக்கு வந்திருந்தார். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டதாக, பேச்சும் போய்விட்டதாக மாமா ஒருநாள் சொன்னார். "அடடா" என்றேன். அத்தோடு மறந்துவிட்டேன்.

இப்போது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் புரிந்தது. தினமும் காலையில் வீடியோ கால். பேச முடியாத ஒரு மனிதரோடு மூன்று மணி நேரம், நாலு மணி நேரம்... மகள் செல்வி காட்டு வேலைக்குப் போய்விட்டால், அந்த வீட்டில் சடையனுக்குத் துணை, மாமாவின் போன் மட்டும்தான். அந்தத் துணையைத்தான் நான் பத்தரை மணியோடு நிறுத்தி வைத்திருந்தேன்.

மாமாவுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. புள்ளியும் வளைவிலேயே உறைந்துவிட்டது. மலைப் பாதையில் டவர் அப்படித்தான், வரும் போகும்.

மணி பன்னிரண்டே கால். சடையன் விழுந்து ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ் மேலே போய்ச் சேர இன்னும் முக்கால் மணி. அதற்கப்புறமும் ஊருக்குள் நடக்க வேண்டும். அதுவரைக்கும் அவர் குப்புற...

"பாய், வெள்ளிமலையில எனக்கு ஒருத்தரையும் தெரியாதே."

"எனக்குத் தெரியும்" என்றார் பாய். அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். மேலே ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ராஜேந்திரனுக்கு சிம் சப்ளை பண்ணுவது இவர்தான். "ராஜேந்திரா, சடையன்னு ஒருத்தர்... பக்கவாதம் வந்தவரு. பொண்ணு பேரு செல்வி. வூடு தெரியுமா?"

ஸ்பீக்கரில் பதில் வந்தது. "செல்வியா? தெரியாம இன்னா பாய்! மாசா மாசம் என்கிட்டத்தான் போடும். கடையிலேயே ஜாஸ்தி டேட்டா போடுறது அந்தப் பொண்ணுதான். எதுக்கும்மா உனக்கு இவ்ளோன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன்."

நான் மட்டுமில்லை போல.

"அதெல்லாம் அப்புறம். அவரு வுழுந்து கெடக்குறாரு. வூட்ல ஆளில்ல. கடைய அப்படியே போட்டுட்டு ஓடு."

லைன் கட்டானது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை அந்த மனிதர்.

இருபது நிமிஷம். பாய் எனக்கு டீ வாங்கித் தந்தார். குடிக்க முடியவில்லை. டெம்பர் கிளாஸ் வாங்க வந்த பெண் இன்னும் போகவில்லை. என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

போன் அடித்தது.

"பாய், உசுரு இருக்குது!" ராஜேந்திரனுக்குக் குரல் உடைந்தது. "கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல சொருகிக் கெடந்தாரு பாய். மூஞ்சி மண்ணுல. மூக்குல ரத்தம். நான் மட்டும் தூக்க முடியல. பக்கத்து காட்டுலேர்ந்து ரெண்டு பேரக் கூட்டியாந்து பொரட்டிப் போட்டோம். மூச்சு இழுத்து இழுத்து வுடுறாரு. ஜீப்பு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போறோம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைத் தரைதான்.

"தம்பி" என்று பாயிடமிருந்து போனை வாங்கிக் கத்தினேன். "பஸ்சுல எங்க மாமா வர்றாரு. கோவிந்தசாமின்னு பேரு. சக்கரை மாத்திர போட்டுட்டு சாப்புடாம வர்றாரு. யாரையாச்சும் அனுப்பி மொதல்ல சக்கரை போட்டு ஒரு டீ குடுக்கச் சொல்லுங்க. எதுவானாலும் அப்புறம்!"

"சரிக்கா."

ஆனால் ராஜேந்திரன் ஜீப்பில் இருந்தார். டீக்கு ஆள் கிடைப்பதற்குள் மாமா பஸ்ஸை விட்டு இறங்கி, நேராகச் சடையன் வீட்டுக்கு நடந்துவிட்டார். கதவு திறந்து கிடக்கிறது. கட்டில் காலி. சுவரோரம் மண்ணில் ரத்தம். மாடத்தில் சாய்த்து வைத்த போன் மட்டும் சார்ஜரோடு நிற்கிறது. ஆள் இல்லை.

அந்தச் சில நிமிஷங்களில் அவர் என்ன நினைத்திருப்பார்? நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. காட்டிலிருந்து வந்த ஒரு பெண்தான், வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தவருக்கு விஷயத்தைச் சொல்லி, வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

நான் அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வெள்ளிமலை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சடையனின் மூக்கில் பிளாஸ்திரி, நெற்றியில் ரெண்டு தையல். கண் திறந்திருந்தது. செல்வி — முப்பது வயது இருக்கும், கையில் இன்னும் மரவள்ளிக் காட்டு மண் — அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தா மூச்சு அடைச்சிருக்கும்" என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கோவிந்தசாமி பெரியப்பாதான் எப்பவும் பாத்துக்குவாரு. அப்பா கொஞ்சம் சாஞ்சாலே டீக்கடைக்கு போன் போட்டுருவாரு. ரெண்டு தபா அப்படித்தான் காப்பாத்தினாரு. அத நம்பித்தாங்க நான் வேலைக்கே போறேன்" என்றாள்.

குற்றம் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

வெளியே வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா... நான் போனைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுக்கல."

"தெரியும்" என்றார்.

"டேட்டாவுக்குத்தான் கூப்புடுறீங்கன்னு நெனச்சேன்."

"டேட்டாவுக்குத்தானம்மா கூப்ட்டேன்."

"இது எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. நான் ரெண்டு ஜிபி இல்ல, மூணு ஜிபி போட்டிருப்பேனே?"

"நீ எவ்ளோ ஆவுதுன்னு கேட்ட. எதுக்கு ஆவுதுன்னு கேக்கலியேம்மா." கோபமே இல்லாமல் சொன்னார். "நானா சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லுவ? ஒங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்கு மாமா, அவங்க ஆளுங்க பாத்துக்க மாட்டாங்களா... அதான சொல்லுவ? பெரியவன் பொழுதுபோகாம படம் பாக்குறான்னு நெனச்சுக்கட்டும்னு வுட்டுட்டேன்."

நிஜம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கைகூப்பி மன்னிப்புக் கேட்பதெல்லாம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கேண்டீனில் இருந்து நாலு இட்லி வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன். சாப்பிட்டார். பாதி சாப்பிட்டதும், "பஸ்சுல போன் அடிச்சிருக்கும்போல. எஞ்சின் சத்தத்துல காதுல வுழல. நீ பயந்துருப்ப இல்ல?" என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. வராந்தாவில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

சனிக்கிழமை சடையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜேந்திரன் அந்தக் கட்டிலின் கால்களை அறுத்துத் தாழ்வாக்கிக் கொடுத்திருக்கிறார். டீக்கடைக்காரர் இனி போனை அணைப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாராம். மாமாவின் பிளான் இப்போது ஒரு நாளைக்கு மூன்று ஜிபி. இந்த மாதம் அவர் போனில் எவ்வளவு ஆகிறது என்று நான் பார்க்கப் போவதில்லை.

எத்தனை ஜிபி என்று போன் காட்டிவிடும். அந்த ஜிபிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் மனிதரிடம் ஒரு கேள்வி. அதற்கு நெட்வொர்க்கூடத் தேவையில்லை. ஒருவேளை, பதில் வெறும் காமெடி வீடியோவாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவுக்கு லீவு கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் நான் உட்காருவது என்று ஏற்பாடு. நேற்று முதல் முறை. போனைச் சாய்த்து வைத்துவிட்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரையில் சடையன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

"இன்னா மாமா, என் மூஞ்சியப் பாத்ததும் தூங்கிட்டாரு?" என்றேன்.

மாமா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நீ இருக்கிற தைரியம்மா அது. நான் தனியா உக்காந்திருந்தா அவன் கண்ணே மூட மாட்டான். எங்க எனக்கு எதுனா ஆயிடுமோன்னு, அவன்தான் என்னைப் பாத்துக்கினு இருப்பான்."